கம்யூனிட்டி காலேஜில் பயாலஜி படித்து யூசிக்கு மாறுவது எப்படி?

போன வாரம் சன்னிவேலில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடப் பாடங்களைக் குறைந்த கட்டணத்தில் தரும் கல்லூரி) ஒரு செமஸ்டர் முடித்திருக்கிறான், பயாலஜி மேஜர் (முதன்மைப் பாடம்). என்ன பாடமெல்லாம் எடுத்தாய் என்று கேட்டேன். நான் முதல் செமஸ்டரில் எந்தப் பாடத்தை எடுத்து நேரத்தை இழந்தேனோ, அதையே அவனும் எடுத்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மதுரையில் பிளஸ் டூ சயின்ஸ் குரூப் படித்தேன். கல்யாணமாகி எச்4 விசாவில் (எச்1பி விசாக்காரரின் துணைக்குத் தருவது) கலிபோர்னியா வந்தேன். கம்யூனிட்டி காலேஜில் மூன்று வருடம், அப்புறம் யூசி, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின், டேவிஸ் வளாகத்தில் பயாலஜி. இங்கே சொல்வது எல்லாம் கலிபோர்னியாவில் யூசிக்கு மாற நினைப்பவர்களுக்கு. கால் ஸ்டேட் (கலிபோர்னியாவின் இன்னோர் அரசுப் பல்கலைக்கழக அமைப்பு) போகிறவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு.

காலேஜுக்கு விண்ணப்பிப்பது ஆன்லைனில் முடிகிற வேலை, அதை விட்டுவிடுகிறேன்.

1. முதலில் ரெசிடென்சி

கலிபோர்னியா ரெசிடென்ட் (மாநிலவாசி) என்றால் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். யூனிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு. வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். யூசியில் அதே ஒரு வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல் ஆகும். முதல் இரண்டு வருடப் பாடங்களை இங்கே முடிப்பதில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எச்4 விசாவில் இருப்பவர்கள் மாணவர் விசாவுக்கு மாறாமலே படிக்கலாம். செமஸ்டர் தொடங்கும் முன் கலிபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்திருந்து, இங்கேயே தங்கும் எண்ணத்தைக் காட்டும் காகிதங்களும் இருந்தால் ரெசிடென்ட் கட்டணம் கேட்கலாம். வரித் தாக்கல், டிரைவிங் லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மத்திய அரசின் உதவித்தொகைக்கான ஃபாஃப்ஸா மட்டும் எச்4க்குக் கிடையாது.

2. பாடம் தேர்ந்தெடுக்கும் முன் அசிஸ்ட்

நான் இடறியது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

என் முதல் செமஸ்டரில் மனித உயிரியல் என்று ஒரு பாடம் எடுத்தேன். நான்கு யூனிட், லேபும் உண்டு. காலேஜ் கேட்டலாக்கில் அதற்கு நேரே 'யூசி டிரான்ஸ்ஃபரபிள்' என்று போட்டிருந்தது. அது போதும் என்று நினைத்தேன். 'ஏ' கிரேடும் வந்தது. அடுத்த செமஸ்டரில் கவுன்சிலர் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, இது பயாலஜி மேஜர் அல்லாதவர்களுக்கான பாடம், உங்கள் மேஜருக்குச் சேராது என்றார்.

டிரான்ஸ்ஃபரபிள் என்றால் அந்த யூனிட்டுகளை யூசி ஏற்றுக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். மாறுவதற்குத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டில் அது சேரும், பொதுப்பாடத்திலும் சேரலாம். உங்கள் மேஜர் கேட்கிற பயாலஜிக்கு அது ஈடாகுமா என்பது தனிக் கேள்வி. அதற்கான பதில் அசிஸ்ட் டாட் ஓஆர்ஜி என்ற தளத்தில் மட்டும்தான் இருக்கிறது. எந்த காலேஜ் பாடம் எந்த யூசி, கால் ஸ்டேட் பாடத்துக்குச் சமம் என்று சொல்லும் அதிகாரபூர்வமான இடம் அது. இலவசம்.

அங்கே கல்வியாண்டு, உங்கள் காலேஜ், போக விரும்பும் பல்கலைக்கழகம், பிறகு மேஜர் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பத்தியாக ஒரு பக்கம் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவே 'அண்ட்' என்று இருந்தால் அத்தனையும் முடித்தால்தான் கணக்கு. 'ஆர்' என்றால் ஏதாவது ஒன்று போதும். மேஜருக்கான பயாலஜி பெரும்பாலும் 'அண்ட்' போட்ட தொகுப்பாகத்தான் வரும்: செமஸ்டர் காலேஜ்களில் பொதுவாக இரண்டு பாடம், குவார்ட்டர் காலேஜ்களில் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக நடப்பவை) மூன்று.

குறைந்தது மூன்று யூசி வளாகங்களுக்கு இதைச் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்ற இந்த ஒப்பந்தம் வருடாவருடம் மாறும், அதனால் ஃபைல் பெயரில் ஆண்டு இருக்கட்டும். அப்புறம் ஒரு கூகுள் ஷீட்டில் பாடங்களை வரிசையிலும் வளாகங்களைப் பத்தியிலும் போட்டு டிக் அடியுங்கள். எல்லாப் பத்தியிலும் டிக் விழும் பாடங்களை முதலில் எடுங்கள். காலேஜே தரும் பிளானிங் மென்பொருளை நம்பித் திட்டம் போடாதீர்கள். என் காலேஜில் இருந்தது அந்தக் காலேஜின் பட்டத்துக்கு வேண்டியதைத்தான் காட்டியது.

*புதுப்பிப்பு:* பயாலஜி தொகுப்பின் ஒரு பாதியைச் செமஸ்டர் காலேஜிலும் மறு பாதியை குவார்ட்டர் காலேஜிலும் எடுக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் டி ஆன்சா, ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர், மற்றவை பெரும்பாலும் செமஸ்டர். இரண்டிலும் பாடத்தை வெட்டும் இடம் வேறு. ஒரு பாதியில் செல் இருக்கும், இன்னொரு பாதியில் அதே செல் மறுபடி வரும், சூழலியல் விட்டுப்போகும். பயாலஜியையும் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் தொடங்கிய காலேஜிலேயே முடியுங்கள்.

3. கெமிஸ்ட்ரியை முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்

பயாலஜி மேஜர் என்றாலும் எத்தனை வருடம் ஆகும் என்பதைக் கெமிஸ்ட்ரிதான் முடிவு செய்யும். பொது கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், ஆர்கானிக் இரண்டு செமஸ்டர். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. அதற்கு முன்னால் ஓர் அறிமுகப் பாடம் தேவைப்பட்டால் மொத்தம் ஐந்து செமஸ்டர். பல காலேஜ்களில் மேஜர் பயாலஜிக்கே பொது கெமிஸ்ட்ரி முதல் பாகம் முடித்திருக்க வேண்டும்.

பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி படித்திருந்தும் என்னை நேரடியாகப் பொது கெமிஸ்ட்ரியில் சேர்க்கவில்லை. அறிமுகப் பாடத்தைத் தாண்டத் தேர்வு இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். நான் கேட்கவில்லை, மூன்று வருடம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். கால்குலஸும் ஒரு வருடம் வேண்டும், சில வளாகங்கள் பிசிக்ஸும் கேட்கும்.

4. லேப் இடம் பிடிப்பது

லேப் வகுப்பில் இடம் குறைவு, என் வகுப்பில் 24 பேர். ரெஜிஸ்ட்ரேஷன் திறக்கும் நிமிடத்தில் கணினி முன் இருங்கள். நிறைந்துவிட்டால் வெயிட்லிஸ்ட்டில் சேர்ந்து, முதல் நாள் லேபுக்குக் கட்டாயம் போங்கள். பெயர் இருந்தும் வராதவர்களைப் பேராசிரியர் எடுத்துவிட்டு, அங்கே நிற்கிறவர்களுக்கு ஆட் கோட் (வகுப்பில் சேர அனுமதி எண்) கொடுப்பார். எனக்கு ஆர்கானிக் அப்படித்தான் கிடைத்தது.

இந்த லேப்களுக்காகவே கம்யூனிட்டி காலேஜை நான் சிபாரிசு செய்வேன். பாடம் நடத்துகிற பேராசிரியரே லேபிலும் நிற்பார். டிஎன்ஏவை ஜெல்லில் ஏற்றியது (டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் சோதனை) நன்றாக நினைவிருக்கிறது. ஜெல்லின் ஒவ்வொரு குழியும் ஓர் அரிசி நீளம்தான் இருக்கும். என் கை நடுங்கியது. பேராசிரியர் பக்கத்தில் வந்து முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னார், இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கச் சொன்னார். பிப்பெட் முனையைக் குழியின் அடியில் படாமல் நிறுத்தி, கட்டைவிரலை மெல்ல அழுத்தினேன். நீலச் சாயம் கனத்துக் குழிக்குள் இறங்கியது. விரலை எடுக்காமல் அப்படியே பிப்பெட்டை மேலே தூக்குங்கள் என்றார். விரலை விட்டால் இறக்கியது முழுக்க மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். டேவிஸில் லேப் எடுத்தவர்கள் பட்டமேற்படிப்பு மாணவர்கள். நல்லவர்கள்தான், ஆனால் இந்த நிதானம் அங்கே வாய்க்கவில்லை.

புத்தகத்துக்குக் காசு கொட்டாதீர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் பயாலஜி இலவசம், கெமிஸ்ட்ரிக்கு லிப்ரேடெக்ஸ்ட்ஸ் இருக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய ஆங்கி என்ற ஃப்ளாஷ்கார்டு செயலி போதும். வளர்சிதை மாற்றச் சுழற்சிகளை மட்டும் கையால் வெள்ளைத்தாளில் வரைந்து பாருங்கள், திரையில் பார்த்தது எனக்கு நிற்கவே இல்லை.

5. பொதுப்பாடம்

பொதுப்பாடம் என்பது மேஜர் எதுவானாலும் எல்லோரும் எடுக்கும் பாடங்களின் தொகுப்பு. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்கிறவர்களுக்கு ஐஜெட்ஸி என்ற பழைய தொகுப்பு போய் கால்-ஜெட்ஸி வந்துவிட்டது: 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட். பயாலஜிக்காரர்கள் இதை முழுதாக முடிக்க வேண்டும் என்று மேஜர் பாடங்களைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் மோதினால் மேஜருக்கே முதலிடம் கொடுங்கள்.

6. விண்ணப்பம்

டேக் என்பது இட உத்தரவாதம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் தருகின்றன, அதில் ஒன்றுக்கு மட்டுமே கேட்கலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ தருவதில்லை. இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு முந்தைய வருடம் செப்டம்பர் மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) வரம்பு வளாகத்துக்கு வளாகம், மேஜருக்கு மேஜர் மாறும். டேக் அனுப்பினாலும் அக்டோபர், நவம்பரில் யூசி விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பியே ஆக வேண்டும். அதில் நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்ற கேள்வி கட்டாயம். நான் அந்த ஜெல்லைப் பற்றித்தான் எழுதினேன்.

*இன்னொரு புதுப்பிப்பு:* நவம்பரோடு முடிந்தது என்று இருந்துவிட்டு ஜனவரி அப்டேட்டைத் தவறவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். இலையுதிர் கிரேடுகளையும் வசந்தகாலப் பாடங்களையும் ஜனவரி இறுதிக்குள் யூசி விண்ணப்பத் தளத்தில் பதிய வேண்டும். ஏதாவது பாடத்தைக் கைவிட்டால் உடனே தெரிவியுங்கள். இடம் கிடைத்து ஒப்புக்கொண்ட பின், படித்த ஒவ்வொரு காலேஜிலிருந்தும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) ஜூலை 1க்குள் போய்ச் சேர வேண்டும். கோடையில் ஒரே ஒரு பாடம் எடுத்த காலேஜாக இருந்தாலும் அங்கிருந்தும் அனுப்பச் சொல்லுங்கள்.