மலை வீதியில் 50, 70: பழகுநருக்கு

இலங்கையில் வீடும் கடையும் நெருங்கிய பகுதியில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அந்தப் பகுதி தாண்டினால் 70. முச்சக்கரவண்டிக்கு இரண்டிலும் 40தான். சிவப்பு வட்டத்துக்குள் வேறு எண் போட்டிருந்தால் அங்கே அதுதான் எல்லை. எழுத்துப் பரீட்சைக்கு இவ்வளவு போதும். நுவரெலியா மலை வீதியின் றம்பொடை முடக்குகளுக்குப் போதாது.

50இல் வாகனம் செக்கனுக்கு 14 மீற்றர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஒரு செக்கன் ஆகிவிடும். முடக்கில் 15 மீற்றர்தான் தெரிகிறதா? 20க்கு இறங்குங்கள். பனிமூட்டத்திலும் இதே கணக்குத்தான். லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள், உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணைக் கூசும்.

இறக்கம்தான் பழகுநரைச் சோதிக்கும் இடம். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர்: பெரும்பாலும் இரண்டாவது. இறக்கம் தொடங்குமுன்பே மாற்றிவிடுங்கள், நடுவில் தடுமாற வேண்டாம். தானியங்கிக் கியர் என்றாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடியே நுவரெலியாவிலிருந்து இறங்கினால் பிரேக் பேட் சூடாகிக் கருகல் வாடை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்தவுடன் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுவதே சரி. எண்ணெய் மிச்சம் என்று யார் சொன்னாலும் நியூட்ரலில் இறக்காதீர்கள்.

முடக்குக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போனபின் அல்ல. ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிடுங்கள். நின்றால் ஏற்றத்தில் மறுபடி எடுப்பது அதற்குத்தான் கஷ்டம்.