டின் தேங்காய்ப்பால்: பால் கணக்கில் சேர்க்க வேண்டாம்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை என்று தென்னந்தோப்புகளே நிறைந்த கொங்கு நாட்டிலும் இப்போது டின்னில் அடைத்த தேங்காய்ப்பால் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஒரம்பரை (விருந்தாளிகள்) பத்துப் பேர் வந்த காலையில், இடியாப்பம் போன்ற சந்தகைக்கு நாலு காய் உடைத்துத் துருவிப் பிழிய எல்லா வீட்டிலும் ஆள் இருப்பதில்லை. டின் வாங்குவதில் தவறு ஏதும் கிடையாது. அதற்குள் இருக்கும் சத்தைத் தப்பாகக் கணக்குப் போடுவதால்தான் உடம்புக்குக் கேடு வருகிறது.

பெரிய தவறு பெயரிலிருந்தே தொடங்குகிறது. பால் என்று சொல்வதால் மாட்டுப்பாலுக்கு மாற்றாகக் குழந்தைக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். கெட்டியான டின் பால் 100 கிராமில் சுமார் 197 கலோரியும் 21 கிராம் கொழுப்பும் உண்டு. புரதம் 2 கிராம், கால்சியம் 18 மில்லிகிராம், அவ்வளவே. அதே அளவு மாட்டுப்பாலில் புரதம் 3 கிராமுக்கு மேலும் கால்சியம் 120 மில்லிகிராம் அளவிலும் கிடைக்கும். குழந்தை 200 மில்லி தேங்காய்ப்பால் குடித்தால் 40 கிராம் கொழுப்பு உள்ளே போகும்; எலும்புக்கு வேண்டியது ஏறக்குறைய ஒன்றும் போகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ பால்மாவுக்கோ பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கால்சியத்துக்கு ராகிக் களியையும் எள்ளையும் நம்பலாம். ராகி 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது.

ஆகவே டின் தேங்காய்ப்பாலை எண்ணெய்க் கணக்கில் எழுதுங்கள். குருமாவில் 150 மில்லி ஊற்றினால் 30 கிராம் கொழுப்பு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்குச் சமம். தாளிக்கும் எண்ணெயில் அந்த இரண்டு கரண்டியைக் குறைக்க வேண்டும். எண்ணெயும் குறையாமல், முந்திரியும் அரைத்து விட்டு, அதன் மேல் டின்னையும் கவிழ்ப்பதுதான் பல சமையலறைகளில் நடக்கிறது.

அடுத்தது கெட்டி பற்றிய தவறு. வீட்டில் முதல் பாலோடு இரண்டாம் பாலையும் மூன்றாம் பாலையும் கலந்துதான் சந்தகைக்கு ஊற்றுவோம். டின்னில் இருப்பது பெரும்பாலும் முதல் பாலுக்கு நிகரானது. அதை அப்படியே ஊற்றினால் 400 மில்லி டின் நாலு பேருக்குத்தான் வரும். ஆளுக்கு 20 கிராம் கொழுப்பு, அதில் 18 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. இந்திய உணவு லேபிள் விதிகள் 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்குக் கணக்கிடும் நிறைவுற்ற கொழுப்பே 22 கிராம்தான். காலைப் பலகாரத்திலேயே நாளின் அளவு ஏறக்குறைய தீர்ந்துபோகும். அதே டின்னில் 600 மில்லி வெந்நீர் கலந்து ஏலக்காயும் வெல்லமும் சேர்த்தால் ஒரு லிட்டர் வரும். எட்டுப் பேர் ஆளுக்கு 125 மில்லி குடித்தால் 10 கிராம் கொழுப்போடு நிற்கும். ருசியும் வீட்டுப் பாலை ஒட்டியே இருக்கும்.

லேபிளில் 'சர்விங்' என்று போட்டிருக்கும் கணக்கைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். அது 60 அல்லது 80 மில்லிக்கான எண்ணாக இருக்கலாம். 100 மில்லிக்கு எவ்வளவு கொழுப்பு என்ற வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்கள் ஊற்றும் அளவால் பெருக்குங்கள். இரண்டு டின்களை ஒப்பிடவும் இதுவே சரியான வழி. பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸ் 2003இல் வகுத்தபடி, 'லைட்' வகையில் கொழுப்பு குறைந்தது 5 சதவீதம், சாதாரணத் தேங்காய்ப்பாலில் 10, கிரீமில் 20. லைட் டின் பெரும்பாலும் தண்ணீர் கூடுதலாகச் சேர்த்த பால். அதிக விலை கொடுத்து அதை வாங்குவதைவிடக் கெட்டி டின்னை வாங்கி நாமே தண்ணீர் கலப்பது மேல்.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வாசகம் உண்மைதான். தேங்காயில் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது; அது ரத்தத்தில் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். 'எம்சிடி (நடுத்தர நீளச் சங்கிலி) கொழுப்பு, உடனே எரிந்துவிடும்' என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். தேங்காய்க் கொழுப்பில் பாதியளவு லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி மற்ற நீள்கொழுப்புகளைப் போலத்தான் உடம்பில் ஏறுகிறது. விரைவாக எரியும் குறுகிய வகைகள் 15 சதவீதம் அளவுக்கே உண்டு. நார்ச்சத்தும் அப்படித்தான். தேங்காய்ப் பருப்பில் 100 கிராமுக்கு 9 கிராம் நார் இருந்தாலும், பிழியும்போது அது சக்கையோடு போய்விடும். சர்க்கரை நோயாளிகள் 'மாவுச்சத்து குறைவுதானே' என்று தாராளமாக ஊற்றும்போது, கூடவே சேரும் வெல்லத்தையும் சந்தகையையும் மறந்துவிடக் கூடாது.

டின்னைத் திருப்பி மூலப்பொருள் பட்டியலையும் படியுங்கள். அதில் சேர்க்கைப் பொருள்களை எண்களால் குறித்திருப்பார்கள். 412, 415, 466 ஆகியவை பசைப் பொருள்கள். பால் பிரியாமல் இருக்கச் சேர்ப்பவை, அவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. 223, 224 என்ற எண்கள் இருந்தால் ஆஸ்துமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். அவை சல்பைட் வகை, சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். 'கிரீம் ஆஃப் கோகனட்' என்று எழுதியிருந்தால் அது சர்க்கரை சேர்த்த இனிப்புப் பண்டம், குழம்புக்கு ஆகாது. தேங்காய்ப்பால் பவுடரில் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு. அது மாட்டுப்பால் புரதம். பால் ஒவ்வாமை உள்ளவருக்கு இது சின்ன விஷயமல்ல.

சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். ஒரு டின்னில் 850 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடும்.

மேலே வெள்ளைக் கட்டியும் அடியில் தண்ணீருமாக நின்றால் கெட்டுவிட்டது என்று எறிகிறார்கள். கொழுப்பு மேலே மிதப்பது அதன் இயல்பு. வெதுவெதுப்பான நீரில் டின்னைப் பத்து நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்கித் திறந்தால் கலந்துவிடும். கலக்காமல் மேல் கட்டியை மட்டும் அள்ளினால் லேபிளில் படித்த எண்ணைவிட அதிகக் கொழுப்பு தட்டில் விழும். குழம்பில் பால் திரிந்துபோவது 80 டிகிரிக்கு மேல் புரதம் கட்டிப்படுவதால். புளி சேர்ந்தால் இன்னும் விரைவாகத் திரியும். திரிந்தாலும் சத்து குறையாது. அடுப்பைச் சிறுதீயில் வைத்து, இறக்கும் முன் ஊற்றினால் போதும்.

உப்பிய டின்னையும், மடிப்பு நசுங்கிய அல்லது கசிகிற டின்னையும் ருசி பார்த்துச் சோதிக்காமல் எறியுங்கள். புளிப்பு குறைவான உணவு இது. அடைப்பு கெட்டால் போட்டுலினம் நச்சு உண்டாகலாம், அதற்கு மணமும் ருசியும் அடையாளம் காட்டாது. திறந்த டின்னை அப்படியே குளிர்பெட்டியில் வைக்காமல் எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடியிலோ மாற்றி மூடி வைத்தால் மூன்று நாள் வரை எடுக்கலாம். அதற்கு மேலும் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். 30 மில்லி கட்டி ஒன்றில் 6 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், குழம்புக்கு எத்தனை கட்டி போடுவது என்பது எண்ணியே தெரியும்.