உத்தரத்தை இடிக்கும் ஊஞ்சல்: சிமுலேஷனில் ஆற்றல் ஏறாமல் இருக்க

மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்தை பிரவுசரில் ஓடும் ஒரு சின்னக் காட்சியாகச் செய்து பார்த்தேன். 2 மீட்டர் சங்கிலி, உராய்வு கிடையாது. லேசாகத் தள்ளினால் அதே வீச்சில் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் உத்தரத்தை இடிக்கிறது!

முதலில் இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் கூட்டி, வரைபடமாகத் திரையில் போடுங்கள். கண்ணை நம்பாதீர்கள். யூனிட்டி, கோடோ போன்ற கேம் என்ஜின்கள் இப்போது வேண்டாம், கணக்கெல்லாம் உள்ளே மறைந்துவிடும். கற்றுக்கொள்ள பிரவுசரிலேயே படம் வரையும் கான்வாஸ் போதும்.

அடுத்ததுதான் முக்கியம். நேரத்தைச் சின்னச் சின்ன இடைவெளிகளாக வெட்டி அடி அடியாக நகர்வதில் எளிமையானது ஆய்லர் முறை. அதில் பழைய வேகத்தை வைத்தே கோணத்தை நகர்த்துகிறோம். நம் ஊஞ்சலுக்கு, நொடிக்கு 60 ஃப்ரேமில், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஆற்றல் சுமார் 0.14% ஏறும். கூட்டு வட்டிதான், எட்டரை நொடியில் இரட்டிப்பு. தீர்வு, வரிசையை மாற்றுவது மட்டுமே:

கோணவேகம் = கோணவேகம் − (9.8 ÷ நீளம்) × சைன்(கோணம்) × இடைவெளி
கோணம் = கோணம் + கோணவேகம் × இடைவெளி

இரண்டாவது வரியில் இருப்பது இப்போதுதான் கணக்கிட்ட புதிய வேகம். ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் ஒரு பக்கமாக ஓடாது. 'ரங்கே-குட்டா என்ற இன்னும் துல்லியமான முறையைப் போடலாமே' என்பார்கள். துல்லியம்தான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நான்கு தடவை விசை கணக்கு, போதாததற்கு ஆற்றல் மெல்லக் கசியும். ஊஞ்சலுக்கு அது வீண்.

நேர இடைவெளியை 1/120 நொடி என்று நிலையாக வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தைச் சேர்த்துவைத்து, அதிலிருந்து 1/120 நொடி எடுக்கும்போதெல்லாம் ஊஞ்சலை ஒரு அடி நகர்த்துங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடைவெளி மாறினால் மேலே சொன்ன நன்மை போய்விடும். டேபை மாற்றிவிட்டுத் திரும்பினால் பெரிய நேரம் ஒன்று வந்து நிற்கும், அது 0.25 நொடியைத் தாண்டினால் 0.25 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உந்தம் சுலபம். தெப்பக்குளத்தில் இரண்டு படகுகளை மோதவிடுகிறீர்கள் என்றால், கணத்தாக்கை, அதாவது மோதலில் கைமாறும் உந்தத்தை, ஒரே தடவை கணக்கிட்டு, ஒன்றில் கூட்டி மற்றதில் கழியுங்கள். முதல் படகின் வேகத்தை மாற்றிவிட்டு, மாறிய வேகத்தை வைத்து இரண்டாவதுக்குத் தனியாகக் கணக்கிட்டால் உந்தம் காணாமல் போகும்.

பின்சேர்க்கை: சங்கிலியைக் கண்ணி கண்ணியாக, விறைப்பான ஸ்பிரிங்குகளால் கட்டியவர்களுக்கு இத்தனைக்குப் பிறகும் வெடிக்கிறதாம். வெடிக்கத்தான் செய்யும். இடைவெளியை ஸ்பிரிங்கின் கோண அதிர்வெண்ணால் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை 2π-ஆல் பெருக்கியது) பெருக்கினால் 2-க்குள் வர வேண்டும். வராவிட்டால் நேர இடைவெளியை இன்னும் பொடியாக்குங்கள், அல்லது ஸ்பிரிங்கை விட்டுவிட்டு கண்ணிகளின் நீளத்தை நேரடியாகக் கட்டுப்படுத்துங்கள்.