புது கேரக்டர் உண்மையிலேயே புரோக்கனா (அளவுக்கு மீறிப் பலசாலியா)? நீங்களே சோதித்துப் பார்க்கும் முறை

ஃபைட்டிங் கேமில் புது கேரக்டரின் ட்ரெய்லர் வந்த அன்றைக்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். "கேமே நாசமாப் போச்சு" என்று ஒரு பக்கம், "ஆடத் தெரியாதவன்தான் அழுவான்" என்று இன்னொரு பக்கம். எந்தக் கட்சியில் சேரலாம் என்று யோசிப்பதற்கு முன் சண்டை எதைப் பற்றியது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பொருத்தம், காசு, பலம், எதிர்த்து ஆடும்போது வரும் எரிச்சல் என்று புகார்கள் நான்கு வகை. நான்கையும் ஒரே வாக்கியத்தில் கலந்து திட்டினால் எதற்கும் பதில் கிடைக்காது.

பொருத்தம் பற்றிய சண்டைக்கு ட்ரெய்னிங் மோட் (கேமின் பயிற்சிப் பகுதி) தேவையில்லை. 2025 ஏப்ரலில் வந்த 'ஃபேட்டல் ஃப்யூரி: சிட்டி ஆஃப் தி வூல்வ்ஸ்' கேமில் கிறிஸ்டியானோ ரொனால்டோவைச் சேர்த்தார்கள். அவர் பலசாலியா, பலவீனமா என்பது அங்கே யாருக்கும் பிரச்சினையாக இருக்கவில்லை. நிஜ கால்பந்து வீரருக்கு அந்தக் கதையுலகில் என்ன வேலை, அந்த இடத்தில் பழைய கேரக்டர் ஒன்று வந்திருக்கலாமே என்பதுதான் பேச்சு. இப்படிப்பட்ட புகாரை ஃபிரேம் (விநாடியின் அறுபதில் ஒரு பங்கு) எண்களால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம், அதில் தவறில்லை. காசு பற்றிய புகார் என்றால் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: அந்தக் கேரக்டர் தனியாக வாங்க வேண்டிய டிஎல்சியா, அடிப்படை ரோஸ்டரிலேயே (கேமோடு வரும் கேரக்டர் பட்டியலிலேயே) இருக்கிறதா? ரொனால்டோ அடிப்படை ரோஸ்டரிலேயே வந்தவர். அது தெரியாமல் டிஎல்சி கொள்ளை என்று எழுதினால், உங்கள் மற்ற நியாயமான வாதமும் சேர்ந்து அடிபடும்.

பொருத்தத்தோடு சேர்ந்ததுதான் கேரக்டரின் அடையாளம் பற்றிய சர்ச்சையும். அது என்றால் கேமுக்குள் இருக்கும் கதையையும், இயக்குநர் வெளிப்படையாகச் சொன்னதையும் பாருங்கள். 'கில்ட்டி கியர் ஸ்ட்ரைவ்'வில் 2022 ஆகஸ்டில் பிரிட்ஜெட் வந்தபோது, அவர் ஆணா பெண்ணா என்று நடந்த வாக்குவாதம் அப்படித்தான். ஆர்க்கேட் மோட் முடிவில் பிரிட்ஜெட் தன்னைப் பெண் என்று சொல்கிறார். அடுத்த மாதமே தயாரிப்புத் தரப்பும் அதை உறுதிசெய்துவிட்டது. அதற்குப் பிறகு அதில் ஆராய ஒன்றும் இல்லை.

இனி பலத்துக்கு வருவோம். நிஜமாக உழைப்பு கேட்பது இதுதான்.

புது கேரக்டர் முதல் வாரத்தில் ஜெயிப்பது இயல்பு. யாருக்கும் பழக்கமில்லை, எந்த அடிக்குப் பிறகு யார் முறை என்றே தெரியாது. அதனால் பொறுமை நல்லதுதான். ஆனால் "பழகினால் சரியாகிவிடும்" என்பது எப்போதும் உண்மையாவதில்லை. 'டெக்கன் 7'ல் லீராய் ஸ்மித் 2019 டிசம்பரில் வந்தார். அடுத்த மாதமே ஈவோ ஜப்பான் போட்டியின் டாப் 8ல் ஆறு பேர் லீராயைத்தான் ஆடினார்கள். அங்கே ரசிகர்களின் கூச்சல் சரியாகவே இருந்தது, பின்னர் நெர்ஃபும் (பலக் குறைப்பும்) வந்தது. ஆகவே கூச்சலின் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் லேபில், அதாவது ட்ரெய்னிங் மோடில், உட்காருங்கள்.

முதலில், தோற்ற பத்து மேட்ச்களின் ரீப்ளேயை எடுத்து, ஒவ்வொரு ரவுண்டிலும் உங்கள் உயிர் எந்த அடியில் போனது என்று எழுதுங்கள். "எல்லாமே ஓபி (அளவுக்கு மீறிய பலம்)" என்று தோன்றியது பெரும்பாலும் மூன்று நான்கு மூவ்களில் (தாக்குதல்களில்) வந்து நிற்கும். அந்த மூவ்களை மட்டும் லேபுக்குக் கொண்டு போங்கள். முழு மூவ் லிஸ்ட்டையும் படிக்க உட்கார்ந்தால் அரை மணியில் சலித்துவிடும்.

அடுத்து, டம்மிக்கு (பயிற்சியில் எதிரே நிற்கும் பொம்மைக்கு) அந்தக் கேரக்டரைக் கொடுத்து, சந்தேக மூவை ரெக்கார்ட் செய்து திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். ஃபிரேம் காட்சியை ஆன் செய்யுங்கள். பிளாக் செய்ததும் (தடுத்ததும்) உங்களிடம் உள்ள மிக வேகமான அடியைத் தட்டுங்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'ல் அது பெரும்பாலும் 4 ஃபிரேமில் படும் ஜேப் (சின்னக் குத்து), டெக்கனில் 10 ஃபிரேம் ஜேப். மைனஸ் என்பது, பிளாக்குக்குப் பிறகு அடித்தவர் உங்களைவிட எத்தனை ஃபிரேம் தாமதமாக மீள்கிறார் என்பது. அதாவது பிளாக்கில் மைனஸ் 4, மைனஸ் 10 என்று காட்டினால் தண்டிக்க (திருப்பி அடிக்க) வாய்ப்பு உண்டு. கை எட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பக்கத்தில் நின்று சோதித்துவிட்டு "இது மைனஸ் 6, சுலபமாக அடிக்கலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். மேட்ச்சில் எதிராளி அதே மூவைத் தொலைவிலிருந்து, நுனி மட்டும் படுகிற மாதிரி போடுவார். ஜேப் காற்றில் போகும். ஆக்டிவ் ஃபிரேமின் (அடி படக்கூடிய ஃபிரேம்களின்) கடைசியில் பட்டால் அந்த மைனஸும் குறைந்துவிடும். ஆகவே மூன்று தூரங்களில் ரெக்கார்ட் செய்யுங்கள்: ஒட்டி நின்று, நடுத்தரமாக, நுனியில். மூன்றிலும் தண்டிக்க முடியவில்லை என்றால்தான் அது பாதுகாப்பான மூவ்.

தொடர் அடிகளுக்கு, நடுவில் இடைவெளி உண்டா என்று பாருங்கள். இப்போது பக்கத்தை மாற்றுங்கள். நீங்கள் அடிக்கும் கேரக்டர், டம்மி பிளாக் செய்யும். பிளாக் முடிந்த கணமே இன்வின்சிபிள் (அந்த நேரம் அடி படாத) மூவ் போடும்படி டம்மியை அமைத்துத் தொடரை அடியுங்கள். அது நடுவில் புகுந்து உங்களை அடித்தால் இடைவெளி இருக்கிறது. பிறகு அதையே 4 ஃபிரேம் ஜேப்பாக மாற்றுங்கள். ஜேப் ஜெயித்தால் இடைவெளி 5 ஃபிரேமோ அதற்கு மேலோ. இருவருக்கும் அடிபட்டால் சரியாக 4. ஜேப் தோற்று இன்வின்சிபிள் மட்டும் ஜெயித்தால் 1 முதல் 3. கடைசி வகைதான் ஆன்லைனில் "தப்பிக்கவே வழியில்லை" என்று பெயர் வாங்குவது. வழி உண்டு, மீட்டர் (சேர்த்துவைக்கும் சக்தி) செலவாகும், அவ்வளவுதான்.

எச்சரிக்கை ஒன்று: டம்மியை 'எல்லாவற்றையும் தடு' என்று வைத்தால் மேல், கீழ், இடம், வலம் எல்லாவற்றையும் அது தானாகத் தடுத்துவிடும். அதைப் பார்த்து "மிக்ஸப்பே (மேலா கீழா என்று ஊகிக்க வைக்கும் தாக்குதலே) இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

"கண்ணால் பார்த்துத் தடுக்க முடியாது" என்ற புகாருக்கு வேறு சோதனை. இந்த கேம்கள் விநாடிக்கு 60 ஃபிரேம், ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். 20 ஃபிரேம் ஓவர்ஹெட் (நின்று தடுக்க வேண்டிய அடி) என்றால் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அது மட்டும்தான் வரும் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தால் தடுத்துவிடலாம். அதனால் தனியாகச் சோதிப்பதில் பயனில்லை. டம்மியில் நான்கு ஸ்லாட்டில் நான்கு விஷயம் ரெக்கார்ட் செய்யுங்கள்: ஓவர்ஹெட், லோ (குனிந்து தடுக்க வேண்டியது), த்ரோ (பிடித்து வீசுவது), எதுவும் செய்யாமல் நிற்பது. ரேண்டமாக இருபது முறை ஓடவிட்டு எத்தனை தடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'ன் டிரைவ் இம்பாக்ட் தாக்குதல் 26 ஃபிரேம், நன்றாகவே மெதுவானது. இருந்தும் தினமும் அதில் அடி வாங்குகிறோம். மனம் வேறு மூன்று விஷயத்தைக் காத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். ஆன்லைன் தாமதம் இதன் மேல் இன்னும் சில ஃபிரேம்களைத் தின்னும் என்பதால், சோதனையை ஆஃப்லைனிலேயே செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தும் எரிச்சல் போகவில்லையா? அதுவும் உண்மையான புகார்தான், பெயர் மட்டும் வேறு. 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' வீ யூ பதிப்பில் பயோனெட்டாவை 2016 பிப்ரவரியில் சேர்த்து, மே மாதமே நெர்ஃப் செய்தார்கள். அப்படியும் ஈவோ 2018 இறுதிப் போட்டியில் பயோனெட்டாவும் பயோனெட்டாவும் மோத, அரங்கமே கூச்சலிட்டது. இதுபோன்ற இடத்தில் "டேமேஜைக் குறையுங்கள்" என்று கேட்பது வீண். அடி வாங்கியவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் தொல்லை என்றால் அதையே சொல்லுங்கள்.

தயாரிப்பாளருக்கு எழுதும்போது கேமின் வெர்ஷன் எண், மூவின் பெயர், இன்புட், எந்தத் தூரம், பிளாக்கில் எத்தனை ஃபிரேம், நீங்கள் முயன்ற பதில்கள் எவை, ஏன் தோற்றன, இவ்வளவையும் எழுதி, 20 விநாடி வீடியோ ஒன்றை இணையுங்கள். ஒரு கடிதத்தில் ஒரே மூவ். எந்தத் திருகாணியைத் திருக வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். பின்னே தள்ளிவிடுவதால்தான் ஒரு மூவ் பாதுகாப்பாக இருக்கிறது என்றால், டேமேஜைக் குறைத்தாலும் எதிராளி அதையே போட்டுக்கொண்டிருப்பார். அங்கே கேட்க வேண்டியது தள்ளும் தூரத்தை. வடிவமைப்பாளரையோ குரல் கொடுத்தவரையோ பெயர் சொல்லித் திட்டுகிற வரி ஒன்று இருந்தாலும் மீதியை யாரும் படிக்க மாட்டார்கள்.

போட்டி நடத்துபவர்களுக்கு: புது கேரக்டருக்கு அனுமதி உண்டா, எந்தத் தேதிக்குள் வந்திருக்க வேண்டும் என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே விதியில் போடுங்கள். பிராக்கெட் (போட்டிச் சுற்றுகள்) நடக்கும்போது முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் சண்டை. தடை என்பது கடைசி ஆயுதம், பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) வராது என்று தெரிந்தால் மட்டும். 1994ன் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ' ஆர்க்கேட் போர்டுக்குப் பேட்ச் ஏது? அதனால் ரகசிய கேரக்டர் அகுமாவைப் போட்டிகளில் ஒதுக்கி வைத்தார்கள். 'ஸ்மாஷ் அல்டிமேட்'டில் ஸ்டீவ் கதையும் அதே மாதிரி: 2020 அக்டோபரில் வந்தார், பேலன்ஸ் பேட்ச்கள் 2021 கடைசியோடு நின்றன, அடியிலிருந்து விடுபட உதவும் பக் (கோளாறு) ஒன்று 2023ல் பரவியது. சரிசெய்ய யாரும் வரப்போவதில்லை என்பதால் பல உள்ளூர்ப் போட்டிகள் தாங்களே ஸ்டீவைத் தடை செய்தன. மாதத்துக்கு மாதம் பேட்ச் வருகிற கேமுக்கு இந்த உதாரணம் பொருந்தாது.

பேட்ச் வந்ததும் பழைய ரெக்கார்டிங்கையே ஓடவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று எழுதாதீர்கள். மூவின் ரெக்கவரி (அடித்த பின் மீளும் நேரம்) மாறியிருந்தால் ரெக்கார்டில் அடுத்த பட்டன் தவறான நேரத்தில் விழும், தொடரே வேறாகிவிடும். பழைய ஸ்லாட்டுகளை அழித்துப் புதிதாக ரெக்கார்ட் செய்து, மூன்று தூரச் சோதனையை முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.