வெப்பமானி எதை அளக்கிறது? அடுக்களையில் செய்து பார்க்கும் பாடம்

கொதிக்கக் கொதிக்க ஊற்றிய ஒரு டம்ளர் கட்டன் சாயா கையைச் சுடும். முட்டம் கடலில் இறங்கி நின்றால் சுடுவதில்லை. ஆனாலும் அந்தக் கடல்நீரில் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றலோடு ஒப்பிட்டால் சாயாவில் இருப்பது ஒன்றுமே இல்லை. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்பது மனத்தில் பதியாமல் செல்சியஸ், ஃபாரன்ஹீட், கெல்வின் வாய்பாடுகளை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஆகவே வாய்பாட்டைப் பின்னுக்குத் தள்ளி, செய்து பார்ப்பதை முன்னே வைத்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் பயன்படும், 110 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் வெப்பமானி ஒன்று வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைச் சுடுநீரில் வைக்கவே கூடாது. 42 டிகிரி அளவுக்கே செய்யப்பட்ட அது கெட்டுவிடும், கண்ணாடியானால் உடைந்தும் போகலாம்.

முதல் படி. இரண்டு கண்ணாடி டம்ளர்களில், ஒன்றில் மண்பானைத் தண்ணீரும் மற்றொன்றில் சுடுநீரும் எடுத்து, அசையாமல் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீல மை விடுங்கள். குளிர்ந்த நீரில் மை நூல்போல் இறங்கி அடியில் தயங்கி நிற்கும். சுடுநீரிலோ சற்று நேரத்திலேயே டம்ளர் முழுவதும் நீலமாகிவிடும். நீருக்குள் எழும் நீரோட்டத்துக்கும் இதில் பங்குண்டு என்றாலும், சுடுநீரின் மூலக்கூறுகள் அதிக வேகத்துடன் மோதி மையைச் சிதறடிப்பது ஒரு முக்கியக் காரணம். வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் இந்த ஒழுங்கற்ற இயக்கத்தின் சராசரி ஆற்றலைக் காட்டும் அளவு.

'ஒழுங்கற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் அந்த வேகத்தால் காற்று சூடாகிவிடுவதில்லை, ஏனெனில் அது எல்லா மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரே திசையில் நகரும் நகர்வு. காற்றே வீசாத ஓர் அறையிலும், 30 டிகிரியில், நைட்ரஜன் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்ந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன; வெப்பமானி அறிவது அதைத்தான்.

இரண்டாம் படி. 200 மில்லி நீரை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே தீயில், அதே அளவு நேரம், 2 லிட்டர் நீரை வையுங்கள். அது 35 டிகிரியை ஒட்டியே நிற்கும். வீணாகும் வெப்பத்தால் ஓரிரு டிகிரி முன்பின் ஆகலாம். ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி உயர 4.2 ஜூல் தேவை என்பதால், இரண்டு பாத்திரங்களும் பெற்றது சுமார் 42,000 ஜூல்தான். கொடுத்த வெப்பம் ஒன்றே. பத்து மடங்கு மூலக்கூறுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டதால் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பங்கு குறைந்தது.

இனி அளவீடுகள். ஃபாரன்ஹீட் 1724-இல் வெளியிட்ட அளவீடு, இன்றைய வடிவில், நீர் உறைவதை 32 என்றும் கொதிப்பதை 212 என்றும் கொள்கிறது. 1742-இல் செல்சியஸ் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் வைத்தார்; பின்னர் அது தலைகீழாக மாற்றப்பட்டது. செல்சியஸை 1.8 ஆல் பெருக்கி 32 கூட்டினால் ஃபாரன்ஹீட் கிடைக்கும்: 37 டிகிரி உடல் வெப்பநிலை 98.6 ஆவது இப்படித்தான்.

இவ்விரண்டிலும் சுழி (0) என்பது மனிதர் வசதிக்காக வைத்த இடம். மூலக்கூறுகளின் இயக்கம் அங்கே அடங்கிவிடுவதில்லை. அது இனிக் குறையவே முடியாத எல்லை −273.15 டிகிரி செல்சியஸ். 1848-இல் கெல்வின் முன்வைத்த அளவீடு அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஆகையால் 30 டிகிரி நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 'இரு மடங்கு சூடு' என்று சொல்லக் கூடாது. 303 கெல்வின் 333 கெல்வின் ஆகிறது, அவ்வளவே. மூலக்கூறுகள் நகரும் ஆற்றல் 10 விழுக்காடும், வேகம் 5 விழுக்காடும்தான் கூடுகின்றன.

கடைசிப் படிக்கு, பனங்காட்டுப் பக்கம் அக்கானி (பதநீர்) காய்ச்சும் இடம் அருகில் இருந்தால், அனுமதி கேட்டு வெப்பமானியுடன் செல்லுங்கள். அக்கானி கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் வெப்பமானி நெடுநேரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஏனெனில் வந்து சேரும் வெப்பம் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாமல், அவற்றின் பிணைப்பை விடுவித்து நீராவியாக்குவதில் செலவாகிறது. நீர் வற்றிப் பாகு இறுகும்போது, குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கும் அந்த நேரத்தில், அளவு 100-ஐத் தாண்டி மெல்ல ஏறத் தொடங்கும். வெப்பமானி 110 டிகிரியை நெருங்குமுன் அதை வெளியே எடுத்துவிடுங்கள்.