பண்பலை நிலையத்தில் ஆடியோ பிராசசரை இணைப்பது எப்படி?

இந்தியாவில் சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட்தான். நினைத்தபடி கூட்ட முடியாது. ஆனால் அந்த 100 வாட்டுக்குள் குரலைத் தெளிவாக, ஏற்ற இறக்கமில்லாமல் கேட்க வைக்கலாம். அதற்குத்தான் ஆடியோ பிராசசர். நல்ல பெட்டியை வாங்கிவிட்டு ஒயரிங்கில் கோட்டை விடுகிற நிலையங்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்த விளக்கம்.

வரிசை எளிது: மிக்சர், அடுத்து பிராசசர், கடைசியில் டிரான்ஸ்மிட்டர். பிராசசருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

படி 1: மிக்சரிலிருந்து பிராசசருக்கு

இடது, வலது என இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள ஆடியோ கனெக்டர்) கேபிள்கள் தேவை. உள்ளே இரண்டு ஒயர், சுற்றிலும் ஷீல்டு உள்ள கேபிளை வாங்குங்கள். பின் 1 ஷீல்டு, பின் 2 ஹாட் (நேர் சிக்னல்), பின் 3 கோல்டு (அதே சிக்னல் தலைகீழாக). கனெக்டரைப் பின்பக்கமிருந்து சால்டர் செய்யும்போது பின்கள் இடவலம் மாறித் தெரியும். கண்ணளவில் முடிவு செய்யாமல், பிளாஸ்டிக்கில் பொடியாகப் பொறித்திருக்கும் எண்ணைப் படித்த பிறகே ஈயம் வையுங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரால் 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 பீப் வருகிறதா, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு கேபிளில் மட்டும் 2-ம் 3-ம் மாறிவிட்டால் ஸ்டீரியோவில் சட்டென்று பிடிபடாது. மோனோ ரேடியோவில் அறிவிப்பாளர் குரலே காணாமல் போகும், பாட்டின் ஓரங்கள் மட்டும் கேட்கும்.

படி 2: பிராசசரிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு

பிராசசரில் ஸ்டீரியோ கோடர் (இடது, வலது ஒலிகளை ஒரே சிக்னலாக்கும் பகுதி) இருந்தால் எம்பிஎக்ஸ், அதாவது அந்தக் கூட்டுச் சிக்னல் போகும் வழியைத் தேர்ந்தெடுங்கள். இடது, வலது, 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் (இது ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் டோன்) எல்லாம் சேர்ந்து ஒரே பிஎன்சி கேபிளில் போய்விடும். பிராசசருக்குள் இருக்கும் லிமிட்டர் அளந்து வெட்டிய ஒலி உச்சங்கள், அதற்குப் பின்னால் இன்னொரு ஃபில்டர் வந்தால் மறுபடி எகிறும். எம்பிஎக்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

இனிதான் முக்கியமான இடம். டிரான்ஸ்மிட்டரில் எம்பிஎக்ஸ் இன்புட்டைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள ஸ்டீரியோ கோடரையும் பிரிஎம்ஃபசிஸையும் (கீச்சென்ற உயர் ஒலிகளை அனுப்பும் முன்பே உயர்த்துவது) அணைத்துவிடுங்கள். பிரிஎம்ஃபசிஸ் பிராசசரில் மட்டும், 50 மைக்ரோசெகண்டில் இருக்கட்டும். அமெரிக்காவில் 75 என்பதால், பெட்டி எதில் செட் ஆகி வந்திருக்கிறது என்று கவனியுங்கள். 50-லேயே 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 14 டெசிபெல் உயர்கிறது. இரண்டு இடத்தில் அது நடந்தால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் காதைக் கிழிக்கும்.

படி 3: எர்த்

மிக்சர், பிராசசர், டிரான்ஸ்மிட்டர் மூன்றையும் ஒரே எர்த்தில் சேருங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் எக்ஸ்எல்ஆர் ஷீல்டைப் பிராசசர் முனையில் மட்டும் கழற்றிப் பாருங்கள். பவர் பிளக்கின் எர்த் பின்னில் கை வைக்கவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

படி 4: அளவு வைப்பது

ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை (டிரான்ஸ்மிட்டரின் சக்தியை வெப்பமாக்கிவிடும் கருவி) மாட்டுங்கள். மிக்சரில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வைத்து, மீட்டர் 0 காட்டும்போது வெளியே +4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான தொழில்முறை மிக்சர்கள் இப்படித்தான். பிராசசரின் இன்புட்டை இதற்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிராசசரின் டெஸ்ட் டோனை 400 ஹெர்ட்ஸில், 100 சதவீதத்தில் போடுங்கள். பைலட் உட்பட மொத்த டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸ் வரும்வரை டிரான்ஸ்மிட்டரின் எம்பிஎக்ஸ் லெவலைத் திருப்புங்கள். பைலட்டின் பங்கு அதில் 9 சதவீதம், அதாவது 6.75 கிலோஹெர்ட்ஸ். இதன்பின் அந்தக் குமிழை யாரும் தொடக்கூடாது. சத்தம் போதவில்லை என்றால் பிராசசருக்குள்தான் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக, அறிவிப்பாளரின் ஹெட்ஃபோனை ரேடியோவிலிருந்து கொடுக்காமல் மிக்சரிலிருந்தே கொடுங்கள். டிஜிட்டல் பிராசசர் சில மில்லிசெகண்ட் தாமதிக்கும். தன் குரலே பிந்தி வந்தால் பேசுகிறவருக்கு நாக்கு தடுமாறும்.