பழைய ஃபிளாட், பக்கத்துத் தெருவில் அம்மா

நங்கநல்லூரில் அப்பா அம்மா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஃபிளாட் வேண்டும் என்று நானும் கணவரும் பதினான்கு மாதம் அலைந்தோம். முப்பது வீட்டுக்கு மேல் பார்த்திருப்போம். புதுக் கட்டடம் எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை, எட்டியதெல்லாம் பல்லாவரம் தாண்டி இருந்தது. கடைசியில் வாங்கியது 1993-இல் கட்டியது. லிஃப்ட் கிடையாது, பாத்ரூமில் பாசி நிற டைல்ஸ், சமையலறையில் கடப்பா கல் மேடை, ஹாலில் யாரோ ஆசையாக அடித்து வைத்த ரோஸ் கலர். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். சென்னையில் வேறு ஏரியாவில் தேடுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சுவருக்குள் இருக்கிற அசிங்கம் எல்லாவற்றையும் காசு கொடுத்து மாற்றிவிடலாம். நிலப் பங்கு, பத்திரம், தூண், தண்ணீர், மேல் வீட்டுக்காரர், அம்மா வீட்டுக்கு இருக்கிற தூரம், இதில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. ஆனால் கதவைத் திறந்ததும் எல்லோரும் பார்ப்பது டைல்ஸைத்தான், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அசிங்கமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள், மற்றவர்கள் முகம் சுளித்துவிட்டுப் போவதால்தான் உங்களுக்கு விலை குறையும்.

தூரத்தை நடந்து பாருங்கள்

ஆலந்தூர் பக்கம் ஒரு வீடு, மேப்பில் ஒன்றரை கிலோமீட்டர்தான் காட்டியது. ஆனால் நடுவில் ரயில் பாதை. மழை கொட்டினால் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிடும், அப்புறம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இரவு பதினோரு மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்று போன் வந்தால் அந்த ஒன்றரை கிலோமீட்டர் எவ்வளவு நேரம் என்று யோசித்தோம், வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அதனால் பிடித்த வீடு கிடைத்ததும் அங்கிருந்து பெற்றோர் வீட்டுக்கு இரண்டு முறை நடந்து பாருங்கள், ஒன்று காலையில், ஒன்று சாயங்காலம் ஆறு மணிக்கு. இரண்டாவது நடைக்கு முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடைபாதை இல்லாத இடமும் தெருநாய்க் கூட்டமும் வண்டிக்குப் பயந்து அவர் நின்றுவிடுகிற முனையும் அப்போதுதான் தெரியும்.

அப்பா அம்மா இருக்கிற அதே கட்டடத்திலேயே வீடு கிடைத்தால்? எங்களுக்கும் ஒன்று வந்தது, நான்தான் மறுத்தேன். எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது, பால் பாக்கெட் ஏன் இன்னும் வாசலில் கிடக்கிறது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு தெரு இடைவெளி உறவுக்கு நல்லது. மாமியார் வீடு குரோம்பேட்டை, பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன், அந்தப் பக்கமும் சமாதானம்.

மாடியைப் பற்றி விளையாட்டாக இருக்காதீர்கள். 80, 90-களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் அபூர்வம். இன்றைக்கு நீங்கள் ஏறிவிடுவீர்கள். பத்து வருடம் கழித்து அப்பா அம்மாவே உங்களோடு வந்து இருக்க வேண்டிய நிலை வந்தால்? எங்கள் வரம்பு முதல் மாடி, அதற்கு மேல் எவ்வளவு மலிவாக வந்தாலும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். பாத்ரூம் கதவின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். பழைய வீடுகளில் பல கதவுகளில் வாக்கரே நுழையாது. சுவரை இடித்து அகலப்படுத்த முடியுமா என்பதை அப்போதே யோசிக்க வேண்டும்.

வீடு எங்கே கிடைக்கும்? இணையதளங்களில் ஒரே வீட்டை நான்கு புரோக்கர் நான்கு விலைக்குப் போட்டிருப்பார்கள். எங்களுக்கு உருப்படியாகத் தகவல் சொன்னவர் தெருமுனை இஸ்திரிக்காரர். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பையன் அமெரிக்காவிலிருந்து விற்க வந்திருக்கிறான், எந்தக் கட்டடத்தில் தினமும் தண்ணீர்ச் சண்டை, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

நிலமும் காகிதமும்

முப்பது வருடக் கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் தேய்ந்துகொண்டே வரும். நீங்கள் உண்மையில் வாங்குவது நிலம். மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உள்ள பங்கு பத்திரத்தில் பிரிக்கப்படாத பங்கு என்று இருக்கும், பேச்சில் யூடிஎஸ். விலையைக் கட்டடத்தின் சதுர அடியால் வகுக்காமல் யூடிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். 900 சதுர அடி ஃபிளாட் இரண்டு, இரண்டும் ஒரே விலை, ஒன்றுக்கு யூடிஎஸ் 600, இன்னொன்றுக்கு 380 என்றால், முதல் வீட்டில் கரையானே இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். சரி, கரையான் கொஞ்சம் அதிகம், ஆனால் கணக்கு அதுதான்.

எல்லா ஃபிளாட்டுகளின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனையின் அளவு வர வேண்டும். வரவில்லை என்றால் கட்டியவர் தன் பெயரில் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறார் என்று பொருள். கூடுதலாக வந்தால் அதைவிட மோசம். மொட்டை மாடி உரிமை யாருக்கு என்றும் பத்திரத்தில் தேடுங்கள். நாங்கள் பார்த்த ஒரு பத்திரத்தில் மேலே கட்டிக்கொள்ளும் உரிமை கட்டியவருக்கே என்று ஒரு வரி ஒன்பதாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. புரோக்கரிடம் காட்டினேன். "அதெல்லாம் சும்மா எழுதறது மேடம்" என்றார். சும்மா எழுதினதை ரத்து செய்து கொடுங்கள் என்றோம், அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்கி வரிசையாக எல்லாப் பத்திரமும், குறைந்தது முப்பது வருட வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு யார் பெயரில் என்ற விவரம், இதெல்லாம் வக்கீல் கேட்பார். நங்கநல்லூர் 2011 வரை ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது, அதனால் பழைய ரசீதில் அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வரைபடத்தை மட்டும் நீங்களே கையில் எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் இரண்டு மாடி, நேரில் மூன்று என்றால் அந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பழைய ஃபிளாட்டுகளில் அடிக்கடி வருகிற சிக்கல் இரண்டு. ஒன்று, உரிமையாளர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் விற்கிறார்கள். வாரிசுச் சான்றிதழில் இருக்கிற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன பெண்ணும்தான். "அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்னொன்று, விற்பவர் வெளிநாட்டில், இங்கே அவருக்காகக் கையெழுத்துப் போட அதிகாரம் பெற்ற பவர் ஏஜெண்ட். பவர் கொடுத்தவரோடு வீடியோ காலில் ஒருமுறை நேரடியாகப் பேசிவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற நீங்கள். விற்பவர் வெளிநாட்டுவாழ் இந்தியர் என்றால் இந்த 1% செல்லாது, பிடிக்க வேண்டிய வரி வேறு, மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையை உங்களிடம்தான் கேட்பார்கள். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, இதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பழைய கட்டடம் என்றால் வங்கி அதன் மீதி ஆயுளைப் பார்த்துக் கடன் வருடங்களைக் குறைக்கும், மாதத் தவணை ஏறும். வீட்டை முடிவு செய்வதற்கு முன்பே வங்கியில் கேட்டுவிடுவது நல்லது.

தூணும் தண்ணீரும்

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள், ஐப்பசி கார்த்திகையில் வீடு தேடுவதைப் போல வசதி வேறு இல்லை. முதலில் மொட்டை மாடி. தளத்தில் விரிசல், தண்ணீர் தேங்கிய பாசி, தொட்டியைத் தாங்குகிற கால்கள். அங்கிருந்து கீழே இறங்கி பாத்ரூம் கூரையை அண்ணாந்து பாருங்கள், உப்புப் பூத்திருந்தால் மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறது, அதைச் சரி செய்ய அவர் தன் தரையை உடைக்க ஒப்புக்கொள்ள வேண்டும், இனி உங்கள் நிம்மதி அவர் கையில். எல்லா அறையும் பழைய பெயிண்டாக இருந்து ஓர் அறையில் மட்டும் புது வாசனை அடித்தால், அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள்.

கூரைப் பூச்சை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு விட்டுவிட்டது. பூச்சோடு போனால் பரவாயில்லை. தூணிலோ பீமிலோ கம்பியின் நீளத்துக்கே விரிசல் ஓடி அதில் துரு நிறம் கசிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர ஏரியாக்களில் உப்புக் காற்றால் இது சீக்கிரமே வந்துவிடும். கார் நிற்கிற கீழ்த்தளத் தூண்களை எல்லோரும் பார்க்காமலே நடந்து போவார்கள், நீங்கள் அங்கே நின்று பாருங்கள். பிடித்துப் போனால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் காசு கொடுத்துக் கூட்டி வாருங்கள். எங்கள் இன்ஜினியர் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வீட்டை வேண்டாம் என்றார், அந்த ஃபீஸ் எனக்கு உறுத்தவே இல்லை.

தண்ணீருக்கு இரண்டு கேள்வி. 2015 டிசம்பரில் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? 2019 கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி வாங்கினீர்கள்? விற்பவரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடமும் எதிர்வீட்டிலும் கேளுங்கள். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது மோட்டார் மூழ்கியதா என்பதையும் சேர்த்துக் கேட்டால் படம் முழுசாக வந்துவிடும்.

அசோசியேஷன் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். இருக்கிற வீடுகளில் எத்தனை பேர் சொந்தக்காரர்களாகவே குடியிருக்கிறார்கள், யார் மாதப் பணம் தராமல் இழுக்கிறார்கள், கடைசியாக வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்தது எப்போது, இதெல்லாம் அதில் இருக்கும். நோட்டே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா என்பதையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

"பின்னால ரீடெவலப்மெண்ட் வரும் மேடம், டபுள் ஆகிடும்" என்று எல்லாப் புரோக்கரும் சொல்வார்கள். பழையதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதைத்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் உண்மை உண்டு. 2 கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி மனை, எட்டு ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்எஸ்ஐ, அந்தக் காலத்து 1.5 கணக்கில் 7200 சதுர அடி கட்டியிருப்பார்கள், இப்போது உயரம் குறைந்த கட்டடங்களுக்கு 2, ஆக 9600. அந்தக் கூடுதல் 2400-இல்தான் பில்டருக்கு லாபம் வர வேண்டும், நம் கனவும் அதற்குள்தான் அடங்க வேண்டும். 2022-இல் இயற்றி 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், எட்டில் ஆறு பேர். முன்பு ஒரே ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் எல்லாம் நின்றது. ஆனாலும் நங்கநல்லூரில் விமான நிலையம் பக்கம் என்பதால் உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. நடந்தால் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு ரூபாய்கூட விலையில் ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

என்ன மாற்றலாம்

ஒயரிங் முழுக்க மாற்றிவிடுங்கள், இதில் யோசனையே வேண்டாம். எங்கள் வீட்டில் பியூஸ் கேரியர், பாதி பாயிண்டில் எர்த் இல்லை, சிங்கிள் பேஸ். இரண்டு ஏசியும் கீசரும் போட்டால் தாங்காது, த்ரீ பேஸுக்கு மாற்றினோம். தண்ணீர் வருகிற பழைய இரும்புக் குழாய், அதாவது ஜிஐ பைப், உள்ளே துருவால் அடைத்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். ஆனால் டக்டில் இறங்குகிற கழிவுநீர்க் குழாய் பொதுச்சொத்து, அதனால் பாத்ரூமை இடம் மாற்றுகிற ஆசை வேண்டாம்.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரை எடுக்க முடிந்தால் வீடே பெரிதாகும். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புதான், ஒன்பது அங்குலம் என்றால் அதுவே கட்டடத்தைத் தாங்குகிற சுவராக இருக்கலாம், இன்ஜினியரைக் கேட்காமல் சுத்தியல் எடுக்காதீர்கள். மொசைக் தரை இருந்தால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். பாலிஷ் போட்டால் போதும், எங்கள் ஹாலில் அழுக்குச் சாம்பல் என்று நினைத்தது மூன்றாவது பாலிஷில் பச்சையும் கறுப்புமாக மின்னியது. நிலைக்கதவு தேக்கு என்றால் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள், அந்த மரம் இன்றைக்கு வாங்குகிற விலையில் இல்லை.

வேலை நடந்த இரண்டு மாதமும் நாங்கள் அம்மா வீட்டில் இருந்ததால் வாடகை மிச்சம். அம்மா தினமும் பத்து மணிக்கு மேஸ்திரியை மேற்பார்வை பார்க்கக் கிளம்பிவிடுவாள், கையில் மோர் பாட்டிலோடு. மேடை உயரம் 33 அங்குலம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். கிரானைட் போட்ட பிறகு போய் அளந்தால் 30. மேஸ்திரியைக் கேட்டேன். "அம்மா வந்து நின்னு பார்த்தாங்க, அவங்க உசரத்துக்கு வச்சுட்டேன்" என்றார்.